அணைத்த பின் தானே இயங்கும் கணினி

அணைத்த பின் தானே இயங்குதல் என்பது, பயனர் முறைப்படி நிறுத்திய கணினி, எவரும் பொத்தானைத் தொடாமலேயே மீண்டும் இயங்கத் தொடங்கும் நிலையைக் குறிக்கும். சில கணினிகள் அணைத்த இரண்டு மூன்று நொடிகளில் எழுந்துவிடும். சில நள்ளிரவில் எழும். சில, நின்றுபோன மின்சாரம் திரும்பியதும் எழும். மேசைக் கணினிகளில், அதிலும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டவற்றில், இச்சிக்கல் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது.

இதை வைரஸ் என்று எண்ணி இயங்குதளத்தையே அழித்து நிறுவுவோரும், மதர்போர்டு பழுது என்று புதியது வாங்குவோரும் உண்டு. பெரும்பாலான நேரங்களில் எந்த உறுப்பும் பழுதாகியிருப்பதில்லை. 1995ஆம் ஆண்டுக்குப் பின் கணினியில் 'அணைத்தல்' என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்று அறிந்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கிணற்று மோட்டாரும் கணினியும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள காரமடை, கறிவேப்பிலையும் வாழையும் தென்னையும் விளையும் தோட்டங்கள் நிறைந்த ஊர். 1932இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்த பிறகு, இங்குள்ள ஆலைகளோடு கிணறுகளும் மின்மோட்டாருக்கு மாறின. பிற்காலத்தில் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் கிடைக்காமல், முறை வைத்து, பல நாள் நடு இரவிலும் வரத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் எழுந்து போய் மோட்டாரைப் போட முடியாது. எனவே உழவர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்திக்கொண்டனர். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். அதன் பின் கைப்பேசியில் அழைத்தால் மோட்டாரை இயக்கும் கருவிகளும் வந்தன.

இந்த வசதியால் ஒரு பழக்கமும் கட்டாயமானது. மோட்டார் ஓடவில்லை என்பதற்காக அது அணைந்திருக்கிறது என்று எவரும் நம்புவதில்லை. ஒயரில் கை வைப்பதற்கு முன் பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். நிற்பது வேறு, மின் இணைப்பு அறுந்திருப்பது வேறு என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

இன்றைய மேசைக் கணினியும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திய மோட்டாரைப் போன்றதே. ஆனால் அதன் பெட்டியைப் பார்த்தால் இது தெரிவதில்லை.

சிவப்பு விசையின் காலம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியின் வலப்புறத்தில் பின்பக்கமாக ஒரு பெரிய சிவப்பு விசை இருந்தது. வீட்டுச் சுவரில் உள்ள விளக்கு விசையைப் போல அது மின்சாரத்தை நேராகத் துண்டித்தது. விசையைக் கீழே தள்ளினால் கணினிக்குள் மின்சாரம் இல்லை. தானே எழுவதற்கு வழியே இல்லை.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியிலும் அதன் வழிவந்தவற்றிலும் இதே முறை தொடர்ந்தது. இயங்குதளத்தால் வட்டில் எழுத வேண்டியதை எழுதி முடிக்க முடியும். ஆனால் மின்சாரத்தை நிறுத்த முடியாது. அதனால்தான் விண்டோஸ் 95இல் கணினியை நிறுத்தினால், இனி அணைக்கலாம் என்ற செய்தி திரையில் வந்து நின்றது. அக்கால லினக்ஸ் கணினிகளும் 'சிஸ்டம் ஹால்டட்' என்று எழுதிக்காட்டிவிட்டுக் காத்திருந்தன. மனிதக் கைதான் கடைசி வேலையைச் செய்தது.

மடிக்கணினிகள் பரவியபோது இந்த நிலை போதவில்லை. மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடாமல் இருக்க, மின்சாரத்தை மென்பொருள் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. இதற்காக இன்டெல், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1992இல் ஏபிஎம் என்ற வரையறையை வெளியிட்டன. இதில் அதிகாரம் பெரும்பாலும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலிடம் இருந்தது. இயங்குதளம் அதனிடம் வேண்டுகோள் மட்டுமே விடுக்கும்.

1995: அணையாத மின்வழங்கி

1995 ஜூலையில் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற வரையறையை வெளியிட்டது. மதர்போர்டின் அளவு, திருகுத் துளைகளின் இடம் முதலியவற்றோடு, எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி எப்படி இயங்க வேண்டும் என்பதையும் அது மாற்றியது.

ஏடிஎக்ஸ் மின்வழங்கியில் ஊதா நிற ஒயர் ஒன்று உண்டு. பிளக் செருகப்பட்டிருக்கும் வரை அதில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். கணினி அணைந்திருந்தாலும் வரும். பச்சை நிற ஒயர் ஒன்றும் உண்டு. மதர்போர்டு அந்த ஒயரின் மின்னழுத்தத்தைக் கீழே இறக்கினால் முழு மின்சாரமும் பாயும், விட்டுவிட்டால் நிற்கும். முகப்பில் உள்ள பொத்தான் இப்போது மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. ஊதா ஒயரின் மின்சாரத்தில் விழித்திருக்கும் ஒரு சில்லுக்கு அது ஒரு குறிப்பு மட்டுமே தருகிறது. பொத்தானை நான்கு நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால், இயங்குதளத்தைக் கேட்காமலேயே கணினி நிற்கும்.

சுருங்கச் சொன்னால், ஒரு காவலாள் எப்போதும் விழித்திருக்கிறான்; கதவைத் திறக்க அவனுக்கு யார் சொன்னாலும் போதும். பொத்தான், கடிகாரம், வலையமைப்பு அட்டை, விசைப்பலகை ஆகிய அனைத்தும் அவனை அழைக்கலாம்.

ஏசிபிஐ: உறக்கத்துக்கு எண்கள்

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ வரையறையின் முதற்பதிப்பை வெளியிட்டன. மின் மேலாண்மையின் அதிகாரம் பயாஸிடமிருந்து இயங்குதளத்துக்கு மாறியது. கணினியின் நிலைகளுக்கு இது எண்கள் கொடுத்தது. எஸ்0 என்பது இயங்கும் நிலை. எஸ்3 நினைவகத்தை மட்டும் காத்துக்கொண்டு உறங்கும் நிலை. எஸ்4 நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு உறங்கும் நிலை. எஸ்5 மென் அணைப்பு. இவற்றுக்கு அப்பால் ஜி3 என்ற நிலை உண்டு. அதுவே பிளக்கைப் பிடுங்கிய நிலை.

நாம் அணைத்துவிட்டோம் என்று சொல்லும் கணினி எஸ்5இல் இருக்கிறது, ஜி3இல் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் இக்கட்டுரையின் கோளாறு முழுவதும் அடங்கியுள்ளது.

எஸ்5இலிருந்து கணினியை எழுப்பும் வழிகள் பல உண்டு. ஏஎம்டி, எச்பி நிறுவனங்கள் 1995இல் உருவாக்கிய மேஜிக் பாக்கெட் முறை அவற்றுள் புகழ்பெற்றது. எல்லா இருமங்களும் 1ஆக உள்ள ஆறு பைட்டுகளும், அவற்றைத் தொடர்ந்து வலையமைப்பு அட்டையின் ஆறு பைட் முகவரி 16 முறையும், ஆக 102 பைட்டுகள் கொண்ட செய்தி அது. அது வந்தால் அட்டை கணினியை எழுப்பும். பெரிய அலுவலகங்களில் இரவோடு இரவாகக் கணினிகளை இயக்கிப் புதுப்பிக்க இது உதவியது. தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியில் அழைப்பதும் இதே கருத்துதான். கணினியின் உட்கடிகாரம் குறித்த நேரத்தில் எழுப்புவது இன்னொரு வழி. மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கச் செய்யும் பயாஸ் அமைப்பு மற்றொன்று. விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் அசைவும் எழுப்பலாம்.

லினக்ஸ் சந்தித்த இடர்

ஏசிபிஐ வரையறை எவரும் படிக்கக்கூடிய ஆவணம். ஆனால் கணினித் தயாரிப்பாளர்கள் தங்கள் பயாஸை விண்டோஸில் ஓட்டிப் பார்த்தே விற்பனைக்கு அனுப்பினர். வரையறை ஒன்று சொல்ல, விண்டோஸ் வேறொன்று செய்தால், பயாஸும் விண்டோஸின் வழியையே பின்பற்றியது. லினக்ஸ் வரையறையைப் பார்த்து எழுதப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கோளாறாக வெளிப்பட்டது.

1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் நிறுவனத்தாருக்கு எழுதிய ஒரு மின்னஞ்சல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்றின் வழியாக 2007இல் வெளியே வந்தது. ஏசிபிஐ நீட்சிகளை எப்படியாவது விண்டோஸுக்கு மட்டும் உரியனவாக ஆக்க முடியாதா என்று அதில் அவர் கேட்டிருந்தார். வரையறை பொதுவானதாகவே நீடித்தது. ஆனாலும் லினக்ஸ் எழுதுவோர் ஒவ்வொரு கணினியின் நடத்தையையும் தனித்தனியே கண்டறிய வேண்டியிருந்தது.

இயங்குதளம் எது என்று பயாஸ் கேட்கும் வழி ஒன்று ஏசிபிஐயில் உள்ளது. லினக்ஸின் உட்கருவான கருனி, தொடக்கத்தில் 'லினக்ஸ்' என்றும் ஒப்புக்கொண்டது. அப்படிச் சொன்னால் சரியாகச் சோதிக்கப்படாத வழியில் பயாஸ் போய்விடுவது தெரிந்ததும், 2007இல் வந்த 2.6.23 பதிப்பு முதல் அப்படிச் சொல்வது பொதுவாக நிறுத்தப்பட்டது. விண்டோஸ் என்று கேட்டால் மட்டும் ஆம் என்கிறது. பள்ளியில் வேறொருவர் பெயருக்கு 'உள்ளேன் ஐயா' சொல்வது போன்றதுதான். ஆனால் அப்படிச் சொன்னால்தான் கணினி ஒழுங்காக வேலை செய்தது.

2012 முதல் 2014 வரை

அணைத்ததும் எழும் கோளாற்றின் வரலாற்றில் இந்த மூன்று ஆண்டுகள் முதன்மையானவை. அதற்கு முன் 2009இல், யூஎஸ்பி 3 தரத்துக்கான நிரல் லினக்ஸ் கருனியின் 2.6.31 பதிப்பில் சேர்ந்திருந்தது. இன்டெல் சில்லுகளில் ஒரே யூஎஸ்பி துளை, பழைய இஎச்சிஐ கட்டுப்படுத்தியோடும் இணையலாம். புதிய எக்ஸ்எச்சிஐ கட்டுப்படுத்தியோடும் இணையலாம்.

2012இல் இன்டெலின் டிஎச்77இபி, டிஎச்77டிஎஃப் என்ற இரு மேசைக் கணினி மதர்போர்டுகளில் ஒரு வன்பொருள் குறை கண்டறியப்பட்டது. துளைகள் புதிய கட்டுப்படுத்தியோடு இணைந்திருக்கும்போதே கணினியை அணைத்தால், அக்கட்டுப்படுத்தி தேவையற்ற குறிப்பு ஒன்றை அனுப்பிக் கணினியை எழுப்பிவிடும். சில பயாஸ்கள் இதைத் தாமே சமாளித்தன, எல்லாம் அல்ல. இன்டெல் தந்த விண்டோஸ் இயக்கி, அணைப்பதற்கு முன் துளைகளைப் பழைய கட்டுப்படுத்திக்கு மாற்றிவிட்டது. அதனால் விண்டோஸ் பயனர்களுக்கு இக்குறை தெரியவே இல்லை. லினக்ஸ் இயக்கியும் அவ்வாறே செய்யும்படி திருத்தப்பட்டது. கோளாறு லினக்ஸில் மட்டும் தோன்றினாலும் அதன் வேர் வன்பொருளில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2013இல் ஹாஸ்வெல் தலைமுறைக் கணினிகள் வந்தபோது மீண்டும் இதே குரல் எழுந்தது. சூசே நிறுவனத்தைச் சேர்ந்த தகாஷி இவாய், பயாஸ் எழுதும் பொறியாளர்களோடு பேசிக் காரணத்தைக் கண்டார். அணைக்கும் நேரத்தில் ஒவ்வொரு சாதனமும் தன் எழுப்பும் குறிப்பை அழித்துவிட்டு, ஆழ்ந்த உறக்கத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று புதிய பயாஸ் எதிர்பார்த்தது. லினக்ஸின் யூஎஸ்பி இயக்கி அதை முழுமையாகச் செய்யவில்லை. இவாய் அதற்கான திருத்தத்தை எழுதினார்.

திருத்தம் வெளியானதும் வேறு சில கணினிகளில், அதுவரை இல்லாதபடி, அணைத்தால் மீண்டும் இயங்கும் கோளாறு தோன்றியது. ஒரு பயாஸின் குறையைத் தீர்த்த வழி, இன்னொரு பயாஸின் குறையைக் கிளறிவிட்டது. முதலில் புகார் வந்தவை எச்பி கணினிகள் மட்டுமே என்பதால், திருத்தம் அவற்றுக்கு மட்டும் பொருந்துமாறு சுருக்கப்பட்டது. 2014இல், 2012ஆம் ஆண்டின் பழைய உத்தி ஹாஸ்வெல் காலத்துச் சில்லுகளுக்கும் விரிக்கப்பட்டது.

இத்திருத்தங்கள் ஒவ்வொன்றும், ஏன் செய்யப்பட்டது என்ற விளக்கத்தோடு, கருனியின் மூலநிரல் வரலாற்றில் இன்றும் உள்ளன. எந்த மாணவரும் அவற்றைப் படிக்கலாம். கட்டற்ற மென்பொருளின் பயன் விலையின்மை மட்டும் அன்று. தவறு நடந்த இடமும் அதைத் திருத்திய விதமும் பொதுவில் இருப்பதும் அதன் பயனே.

தமிழ்நாட்டுப் பின்னணி

2006, 2007ஆம் ஆண்டுகளில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை 2007இல் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவும் பாஸ் லினக்ஸ் மாணவர் கைகளுக்குச் சென்றது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கியது.

இதே காலத்தில் தமிழ்நாடு கடும் மின்வெட்டைச் சந்தித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. கொங்குப் பகுதியின் விசைத்தறிகளும் பவுண்டரிகளும் பெரிதும் பாதிக்கப்பட்டன. இத்தகைய சூழலில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி பயாஸ் அமைந்த கணினி ஒரு தொல்லையாக மாறும். கரண்ட் வந்து வந்து போகும்போது கணினி பாதி எழுந்து விழும், மீண்டும் எழும். 2001இல் லினக்ஸில் சேர்ந்த இஎக்ஸ்டி3, 2008இல் நிலைபெற்ற இஎக்ஸ்டி4 ஆகிய கோப்பு முறைமைகள் குறிப்பேடு வைத்துக்கொள்வதால் பெருஞ்சேதம் தவிர்க்கப்படுகிறது. ஆயினும் எழுதிக்கொண்டிருந்த கோப்பு போய்விடலாம்; வட்டும் தேயும்.

மின்செலவும் உண்டு. 60 வாட் எடுக்கும் கணினி ஒன்று இரவில் 12 மணி நேரம் வீணே ஓடினால் 0.72 யூனிட் ஆகும். 20 கணினிகள் உள்ள ஆய்வகத்தில் இது இரண்டு மாதங்களில் 864 யூனிட்.

காரணத்தைக் கண்டறியும் முறை

முதலில் பார்க்க வேண்டியது, கணினி எப்போது எழுகிறது என்பதே.

1. அணைத்த சில நொடிகளில் எழுந்தால், யூஎஸ்பி அல்லது வலையமைப்புச் சாதனத்தின் எழுப்பும் குறிப்பு அழியாமல் இருக்கலாம். கருனியோ பயாஸோ பழையதாக இருக்கலாம்.
2. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்தால், உட்கடிகாரத்தில் அலாரம் வைக்கப்பட்டிருக்கிறது.
3. மின்சாரம் திரும்பியதும் எழுந்தால், பயாஸில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' அல்லது அதுபோன்ற பெயருள்ள அமைப்பு 'பவர் ஆன்' என்று இருக்கிறது. அதைப் 'பவர் ஆஃப்' என்று மாற்ற வேண்டும்.
4. நேரம் காலம் இல்லாமல் எழுந்தால், வலையமைப்பு, சுட்டி, சிக்கிக்கொண்ட முகப்புப் பொத்தான் ஆகியவற்றை ஐயுறலாம்.

அடுத்து, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். வலையமைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு அணைத்துப் பார்க்கலாம். பிறகு விசைப்பலகை, சுட்டி தவிர மற்ற யூஎஸ்பி சாதனங்களைக் கழற்றலாம். பின் அவற்றையும் கழற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தால்தான் காரணம் தெரியும். பென்டிரைவிலிருந்து இயங்கும் வேறொரு லினக்ஸில் தொடங்கி அணைத்தும் பார்க்கலாம். அதில் கோளாறு இல்லை என்றால் சிக்கல் நிறுவியுள்ள மென்பொருளில் இருக்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தினால் அணைந்தே இருக்கிறது, மெனு வழியாக நிறுத்தினால் மட்டும் எழுகிறது என்றால், அணைக்கும் முறையில்தான் கோளாறு. இரண்டிலும் எழுந்தால் பொத்தான், மின்வழங்கி ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

லினக்ஸுக்குள் பார்க்க வேண்டிய இடங்கள் சில. 'புராக்' அடைவுக்குள் உள்ள 'ஏசிபிஐ' அடைவில் 'வேக்கப்' என்ற கோப்பு இருக்கும். கணினியை எழுப்ப இசைவு பெற்ற சாதனங்களின் பட்டியல் அது. ஒரு சாதனத்தின் பெயரை மூல பயனராக அக்கோப்பில் எழுதினால் அதன் இசைவு மாறும். இம்மாற்றம் அடுத்த தொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், பயன் தெரிந்த பின் சிஸ்டம்டி சேவையாக அமைத்து நிலையாக்கலாம். வலையமைப்பு அட்டைக்கு 'ஈத்டூல்' என்ற கருவி உதவும். அது காட்டும் 'வேக் ஆன்' வரியில் 'ஜி' என்ற எழுத்து இருந்தால் மேஜிக் பாக்கெட் எழுப்பும். 'டி' இருந்தால் எழுப்பாது. இவற்றால் தீராவிட்டால், கருனியையும் அடுத்துப் பயாஸையும் புதுப்பிக்கலாம். பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டு பயனற்றுப் போகக்கூடும். எனவே யூபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

பல மதர்போர்டுகளின் பயாஸில் 'இஆர்பி' என்ற அமைப்பு உண்டு. அணைந்த நிலையில் கருவிகள் எடுக்கும் மின்சாரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் 1 வாட் என்றும், 2013இல் 0.5 வாட் என்றும் வரம்பு விதித்ததன் விளைவு அது. அதை இயக்கினால், அணைந்த நிலையில் வலையமைப்பு அட்டை, யூஎஸ்பி ஆகியவற்றுக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் நின்றுவிடும். தானே எழும் கோளாறுகள் பலவற்றுக்கு இது எளிய தீர்வு. ஆனால் வலையமைப்பு வழியாக எழுப்பும் வசதி கிடைக்காது.

முழு அணைப்பு

கணினிப் பெட்டியைத் திறந்து நினைவகத்தையோ அட்டைகளையோ மாற்றும்போது எஸ்5 நிலை போதாது. மின்வழங்கியின் பின்புறம் விசை இருந்தால் அதை அணைத்து, பிளக்கையும் கழற்றி, மீதமுள்ள மின்னூட்டம் தீர முகப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்த வேண்டும். மதர்போர்டில் உள்ள சிறு விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கை வைக்கலாம். காரமடைத் தோட்டங்களில் பியூஸ் கட்டையைப் பிடுங்குவதற்கு உள்ள அதே காரணம்தான் இதற்கும். இங்கே உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் 5 வோல்ட் பாயும் பலகையில் செருகப்படும் நினைவகம் கெட்டுப்போகலாம். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் மாலையில் கணினிகளை மென்பொருள் வழியாக நிறுத்திவிட்டு, எல்லாம் நின்றதை உறுதிசெய்து, அதன் பின் சுவரில் உள்ள முதன்மை விசையையும் அணைத்துவிட்டால், கோளாறுக்குக் காரணம் தெரியாத கணினியும் இரவில் எழ வழியில்லை.